பாதுகாப்பை முன்னிறுத்திய செய்நிரலாக்க மொழிகள் ஏன் பரவலாகவில்லை?

நிலாவெளி_மாணவன்

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் பயில்கிறேன். செய்நிரலாக்க மொழிகளின் வரலாறு பற்றிய ஒப்படை ஒன்றுக்காக வாசித்தபோது எழுந்த ஐயத்தை இங்கே வைக்கிறேன்.

நினைவகத்தைக் கையாள்வதில் சி மொழி விட்டுவைக்கும் ஓட்டைகள் நெடுங்காலமாக அறியப்பட்டவை. தான் ஆண்டுதோறும் திருத்தும் பாதுகாப்புக் குறைபாடுகளில் ஏறத்தாழ 70 சதவீதமானவை நினைவகத் தவறுகளே என்று மைக்ரோசொப்ட் நிறுவனம் 2019இல் கூறியது. குரோமியம் உலாவியை உருவாக்குவோரும் ஏறத்தாழ அதே விகிதத்தையே சொன்னார்கள். ஆனால் இத்தகைய தவறுகளில் பெரும்பகுதியை, நிரலைக் கணினிக்குப் புரியும் வடிவுக்கு மாற்றித் தொகுக்கும்போதோ அது இயங்கும்போதோ பிடித்துவிடும் அடா, மொடியூலா 2, மொடியூலா 3, ஐஃபெல் போன்ற மொழிகள் 1980களிலேயே வந்துவிட்டன. அவற்றை இன்று பாடநூலின் அடிக்குறிப்பில்தான் காண்கிறோம்.

"அவை மெதுவானவை" என்பதே வழக்கமாகக் கிடைக்கும் விடை. அன்றைய கணினிகளை விட இன்றைய கைபேசியே பல்லாயிரம் மடங்கு வேகமானது என்பதால், அதுதான் காரணமென்றால் அந்தக் காரணம் எப்போதோ மறைந்திருக்க வேண்டும் அல்லவா? உண்மையான தடை தொழினுட்பத்தில் இருந்ததா, பணத்தில் இருந்ததா, அல்லது நிரல் எழுதுவோரின் மனப்போக்கில் இருந்ததா? தொழில் அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

உப்புவெளி_உள்நிரல்

தம்பி, வேகம் என்ற விடையில் உண்மை இல்லாமல் இல்லை, ஆனால் அது பாதி விடைகூட இல்லை. எங்கள் துறையில் ஒரு மொழியைத் தனியே எடுத்து வைத்து யாரும் தெரிவுசெய்வதில்லை. மீன்களை வைத்திருக்கும் குளிரறைகளின் வெப்பநிலையைக் கண்காணித்து, அளவு மீறினால் உரிமையாளருக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் கருவிகளுக்கு நான் உள்நிரல் எழுதுகிறேன். முதலில் விலையையும் கையிருப்பையும் பார்த்துச் சில்லைத் தெரிவுசெய்கிறோம். அந்தச் சில்லோடு வரும் நூலகங்கள், மாதிரி நிரல்கள், தலைப்புக் கோப்புகள் அனைத்தும் சி மொழியிலேயே இருக்கின்றன. சில்லை வாங்கிய அன்றே மொழியும் முடிவாகிவிடுகிறது.

அதன் விளைவுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். குறுஞ்செய்திகளைப் பெற்று அனுப்பும் மொடியூல் ஒன்றுக்கு விற்பனையாளர் தந்த மாதிரி நிரல், வரும் செய்தியை வைத்துக்கொள்ள 161 எழுத்துகளுக்கு மட்டும் இடம் ஒதுக்கியிருந்தது. ஆங்கிலக் குறுஞ்செய்தியின் உச்ச நீளம் 160 எழுத்துகள், முடிவுக்குறிக்கு ஒன்று என்பது அவர்களுடைய கணக்கு. தமிழிலோ சிங்களத்திலோ வரும் செய்தியில் 70 குறியெழுத்துகளுக்கு மேல் இடமில்லை என்றாலும், அவை ஒவ்வொன்றையும் அந்த மொடியூல் நான்கு பதினறும இலக்கங்களாக விரித்துத் தருவதால் முழு நீளச் செய்தி 280 எழுத்துகளாகிவிடுகிறது. தொலைபேசி நிறுவனம் பண்டிகைக்காலச் சலுகையைத் தமிழில் அனுப்பிய ஒரு நாளில், மிஞ்சிய நூற்றுக்கும் மேற்பட்ட எழுத்துகள் பக்கத்தில் இருந்த மாறிகளின் மேல் எழுதப்பட்டன. -18 பாகை என்று இருந்த எச்சரிக்கை எல்லையும் அவற்றுள் ஒன்று. கருவி நிற்கவில்லை. திரையில் வெப்பநிலை ஒழுங்காகத் தெரிந்தது, பச்சை விளக்கும் எரிந்தது, ஆனால் எல்லை எங்கோ போய்விட்டதால் எச்சரிக்கை மட்டும் வரவில்லை. அடாவிலோ, அண்மையில் வந்த ரஸ்ட் மொழியிலோ எழுதியிருந்தால் 162ஆவது எழுத்தை வைக்க முயன்ற இடத்திலேயே நிரல் தவறைச் சொல்லி நின்றிருக்கும்.

இதற்குப் பிறகு நாங்கள் மொழியை மாற்றினோமா என்றால், இல்லை. 161 என்ற எண்ணை 512 என்று மாற்றி, நீளத்தைச் சரிபார்க்கும் ஒரு வரியைச் சேர்த்ததோடு வேலை முடிந்தது. மொழியை மாற்றுவதென்றால் அந்த மொடியூலுக்கான நூலகம் முழுவதையும் நாங்களே எழுத வேண்டும், அந்த மாதங்களுக்குரிய சம்பளத்தை எந்த வாடிக்கையாளரும் தரமாட்டார். உங்களுடைய கேள்விக்கான விடை இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பாதுகாப்பான மொழியின் விலையை இன்று நிரல் எழுதுபவர் செலுத்துகிறார், பயனோ பல ஆண்டுகள் கழித்து அவர் அறியாத யாரோ ஒருவருக்கு, அதுவும் நடக்காமல் போன ஒரு விபத்தாகவே கிடைக்கிறது. நடக்காத விபத்துக்கு யாரும் பற்றுச்சீட்டு எழுதுவதில்லை.

பழைய_அடாக்காரன்

பிரித்தானியாவில் விமான மென்பொருள் துறையில் நீண்டகாலம் பணியாற்றிவிட்டு இப்போது திருகோணமலையில் ஓய்வில் இருக்கிறேன். மேலே தம்பி சொன்ன பொருளாதாரக் காரணம் சரியானது. ஆனால் அடாவின் கதையில் அதற்கு முன்பே நடந்தவை சில உண்டு, அவை பெரும்பாலும் திரித்துச் சொல்லப்படுகின்றன.

1970களின் நடுப்பகுதியில் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் கருவிகளில் நூற்றுக்கணக்கான மொழிகளும் அவற்றின் கிளைகளும் புழங்கின. இவற்றைப் பராமரிக்கும் செலவைக் குறைக்கவே 1975இல் ஒரு பொது மொழிக்கான முயற்சி தொடங்கியது. ஸ்ட்ரோமன் என்ற ஆவணத்தில் ஆரம்பித்து 1978இல் ஸ்டீல்மன் வரை தேவைகள் மீண்டும் மீண்டும் கூர்மையாக்கப்பட்டன. போட்டியிட்ட வடிவமைப்புகளுள் ஜோன் இஷ்பியா தலைமையிலான பிரெஞ்சுக் குழுவினுடையது 1979இல் தெரிவாகி, அடா லவ்லேஸ் அம்மையாரின் பெயரைப் பெற்றது. தரநிலையின் இலக்கமாக அவர் பிறந்த ஆண்டான 1815ஐயே வைத்தார்கள். இவ்வளவு கவனத்தோடு தொட்டில் கட்டிய மொழி வேறொன்று இருக்குமா என்பது ஐயமே.

தரநிலை 1983இல் வெளிவந்தது. சான்றிதழ் பெற்ற முதல் மொழிபெயர்ப்பான், நியூயோர்க் பல்கலைக்கழகத்தார் செட்டெல் என்னும் மொழியில் எழுதிய அடா/எட். அது மொழியின் இலக்கணத்தைச் செயலில் காட்டுவதற்கு உதவியதே தவிர, நடைமுறை வேலைக்கு ஆகாத அளவுக்கு மெதுவாக இயங்கியது. பின்னர் வந்த உண்மையான தொகுப்பான்கள் பெரிய நிறுவனங்களால் மட்டுமே வாங்கக்கூடிய விலையில் இருந்தன. அதே 1983இல் போர்லண்ட் நிறுவனம் பாஸ்கல் மொழிக்கான டர்போ பாஸ்கல் தொகுப்பானை 49.95 டொலருக்கு விற்றது. மாணவனொருவன் தன் சொந்தக் காசில் எதை வாங்கியிருப்பான் என்று சொல்ல வேண்டியதில்லை. சி மொழியின் நிலையும் அப்படித்தான். 1956ஆம் ஆண்டின் நீதிமன்ற உடன்பாட்டின்படி ஏடி அண்ட் டி நிறுவனம் தொலைபேசித் தொழிலுக்கு வெளியே வணிகம் செய்ய முடியாதிருந்தது. எனவே அதன் யுனிக்ஸ் இயங்குதளம் மிகக் குறைந்த கட்டணத்தில் பல்கலைக்கழகங்களுக்குச் சென்றது, அதன் மூல நிரலோடு சியும் கூடவே சென்றது. அங்கே பழகிய மாணவர்கள் வேலைக்குப் போன இடமெல்லாம் அந்த மொழியைக் கொண்டுபோனார்கள்.

அடாவைக் கொண்டுபோக அப்படி யாரும் இருக்கவில்லை. மாறாக ஆணை இருந்தது. பாதுகாப்புத் திணைக்களத்தின் புதிய மென்பொருள் அடாவிலேயே எழுதப்பட வேண்டும் என்பது 1991இல் சட்டமாகவே வந்தது. விதிவிலக்குக் கோரும் வழியும் திறந்திருந்ததால், ஒப்பந்தக்காரர்கள் பலர் மொழியைக் கற்பதை விட விதிவிலக்குக் கோருவதில் திறமை பெற்றார்கள். 1997இல் அந்த ஆணை நீக்கப்பட்டது. குனூ என்ற இலவச மென்பொருள் திட்டத்தின் தொகுப்பானோடு இணைந்த இலவச அடாத் தொகுப்பான் 1990களின் நடுவில் பரவலாகக் கிடைக்கத் தொடங்கியபோது சியிலிருந்து வளர்ந்த சி பிளஸ் பிளஸ் ஏற்கெனவே வேரூன்றிவிட்டது. கட்டாயம் இருந்த காலத்தில் கருவி மலிவாக இல்லை, கருவி மலிவான காலத்தில் கட்டாயம் இல்லை.

அறிஞர்களின் ஆதரவும் முழுமையாகக் கிடைக்கவில்லை. கணினி அறிஞர் டோனி ஹோர், கணினித் துறையின் உயரிய விருதான டியூரிங் விருதைப் பெற்று 1980ஆம் ஆண்டு ஆற்றிய உரையில் அடா அளவுக்கு மீறிச் சிக்கலானது என்றும், அன்றிருந்த வடிவில் அதை உயிர் சம்பந்தப்பட்ட வேலைகளுக்குப் பயன்படுத்தலாகாது என்றும் எச்சரித்தார். பாதுகாப்பையே தன் தொழிலாகக் கொண்ட ஒருவரிடமிருந்து வந்த எச்சரிக்கை என்பதால் அது மொழிக்கு நெடுநாள் நிழலாகத் தொடர்ந்தது. பிற்கால அனுபவம் அவருடைய அச்சத்தை உறுதிப்படுத்தவில்லை என்பது என் கருத்து. போயிங் 777இன் மென்பொருளில் பெரும்பகுதியும், பாரிஸ் நகரின் ஓட்டுநரில்லாத 14ஆம் இலக்கச் சுரங்க ரயிலின் பாதுகாப்பு நிரலும் அடாவில் இயங்குகின்றன. எனவே அடா தோற்றுவிட்டது என்று எழுதாதீர்கள், தம்பி. அது எந்த இடத்துக்காகப் படைக்கப்பட்டதோ அந்த இடத்தில் இருக்கிறது. அந்த இடம் சிறியது, அவ்வளவுதான்.

ஐஃபெலும் மொடியூலா 3உம் பற்றி அதிகம் சொல்ல இல்லை. முதலாவது ஒரு சிறு நிறுவனத்தின் விற்பனைப் பொருளாகவே நெடுங்காலம் இருந்தது, இரண்டாவது டெக் என்ற கணினி நிறுவனத்தின் ஆய்வுகூடத்தைத் தாண்டி அதிக தூரம் போகவில்லை.

கணினி_ரீச்சர்

மேலே இருவரும் எழுதியதை ஏற்றுக்கொண்டே, கேள்வியின் அடித்தளத்தையே சற்று அசைத்துப் பார்க்க விரும்புகிறேன். பாதுகாப்பான மொழிகள் பரவவில்லை என்று யார் சொன்னது? எங்கள் உயர்தர மாணவர்கள் எழுதும் பைதனில் அணியின், அதாவது ஒரே பெயரில் வரிசையாக வைத்த மதிப்புகளின், எல்லையைத் தாண்டினால் நிரல் உடனே தவறைச் சொல்லி நிற்கிறது. ஜாவாவும் அப்படியே. ஜாவாஸ்கிரிப்ட் அப்படி நிற்காவிட்டாலும், பக்கத்து மாறிகளின் மேல் எழுத விடுவதில்லை. நினைவகத்தைத் தாமே விடுவித்துக்கொள்ளும் இம்மொழிகளில் ஐயாவின் காலத்துச் சுட்டித் தவறுகளில் (நினைவகத்தின் தவறான இடத்தைக் காட்டும் தவறுகளில்) பெரும்பாலானவை எழவே முடியாது. உலகில் இன்று எழுதப்படும் நிரலில் மிகப் பெரிய பங்கு இத்தகைய மொழிகளில்தான் இருக்கிறது.

ஆனால் பாதுகாப்புக்காக அவற்றை யாரும் தெரிவுசெய்யவில்லை. 1995இல் ஜாவா வந்தபோது, ஒருமுறை எழுதினால் எந்தக் கணினியிலும் இயக்கலாம் என்ற வாக்குறுதியும், கட்டணமின்றிக் கிடைத்த கருவிகளும், கையோடு வந்த நூலகங்களுமே மக்களை ஈர்த்தன. பைதனை எடுத்தவர்கள் குறைந்த வரிகளில் வேலை முடிகிறது என்பதற்காக எடுத்தார்கள். திருகோணமலைப் பக்கத்தில் 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டதும் மக்கள் பாதை என்ற மிதவைப் படகில் ஏறுவதை விட்டுப் பாலத்தில் போனது, வரிசையில் காத்திருக்க வேண்டியதில்லை என்பதற்காகத்தான். தண்ணீரில் விழும் அபாயம் குறைந்தது கூடவே கிடைத்த நன்மை. அடாவும் ஐஃபெலும் அந்த அபாயத்தையே விளம்பரப் பலகையில் எழுதி வைத்தன, வரிசையைக் குறைக்கவில்லை.

பாடசாலையிலிருந்து ஒரு செய்தியும் சொல்ல வேண்டும். நம் நாட்டில் சாதாரண தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடநூல் பாஸ்கலைக் கற்பிக்கிறது. அணியை அறிவிக்கும்போதே அதன் தொடக்க எல்லையையும் முடிவு எல்லையையும் எழுத வேண்டும் என்பதால், இது பாதுகாப்பான மொழி என்று பிள்ளைகளுக்குச் சொல்வது வழக்கம். ஆனால் ஆய்வுகூடத்தில் உள்ள ஃப்ரீ பாஸ்கலில் எல்லைச் சோதனை இயல்பாக அணைக்கப்பட்டே இருக்கிறது. பத்து இடங்கள் உள்ள அணியில், மடக்கு ஒன்றின் மாறியைக் கொண்டு பன்னிரண்டாவது இடத்தில் எண்ணை எழுதும் நிரலைக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். பிள்ளைகள் அதை இயக்கினார்கள், தவறு எதுவும் வரவில்லை, வேறொரு மாறியின் மதிப்பு மட்டும் மாறியிருந்தது. நிரலின் தலைப்பில் எல்லைச் சோதனையை இயக்கும் கட்டளையைச் சேர்த்த பின்னரே அது நின்றது. டர்போ பாஸ்கலிலும் இதே வழக்கம்தான். வேகமான நிரல் என்ற பெயருக்காக, மொழி தந்த பாதுகாப்பைத் தொகுப்பான் அணைத்து வைத்தது.

ஐயா குறிப்பிட்ட அதே விருதுரையில் ஹோர் இதற்கு நேரெதிரான ஒரு செய்தியைச் சொல்கிறார். 1960களின் தொடக்கத்தில் எலியட் கணினிக்காக அவருடைய குழு எழுதிய அல்கோல் தொகுப்பான் அணியின் இடத்தைக் குறிக்கும் ஒவ்வொரு சுட்டெண்ணையும் இயங்கும்போதே சோதித்தது. வேகம் வேண்டுமானால் அதை அணைக்கும் வசதியைத் தரலாமா என்று வாடிக்கையாளர்களைக் கேட்டபோது, வேண்டாம் என்று எல்லோரும் ஒருமித்துச் சொன்னார்களாம். அத்தவறுகள் எவ்வளவு அடிக்கடி நேர்கின்றன என்பதை அவர்கள் தங்கள் வேலையிலேயே பார்த்திருந்தார்கள். ஆகவே மனப்போக்கு என்று மாணவர் சொன்னது ஒரு காலத்தில் வேறாக இருந்து, பின்னர் மாறியது. அந்த மாற்றத்தில் சிறு கணினிகளின் வருகைக்கும் விலைப்போட்டிக்கும் பங்கு உண்டு என்பது என் ஊகம்.

இன்னொன்று. 2012இல் வந்த டைப்ஸ்கிரிப்ட் பழைய ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளை ஏறத்தாழ அப்படியே ஏற்றுக்கொண்டு, விரும்பிய இடத்தில் மட்டும் வகைகளை (ஒரு மாறியில் எண் வருமா, சொல் வருமா என்ற அறிவிப்புகளை) சேர்க்க விட்டது. டர்போ பாஸ்கலை எழுதிய அன்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க்கே இதையும் வடிவமைத்தவர். இருப்பதை இடிக்காமல் ஓர் அறையாகச் சேர்ந்துகொள்ளும் மொழி வெல்கிறது, புதிதாகத் தொடங்கு என்று கட்டளையிடும் மொழி காத்திருக்கிறது.

நிலாவெளி_மாணவன்

ரீச்சர், ஐயா, அண்ணா, மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரு துணைக் கேள்வி உண்டு. ரஸ்ட் பாதுகாப்பையே முன்னிறுத்துகிறது, கற்கக் கடினமானது என்று எல்லோரும் சொல்கிறார்கள், பழைய நிரலை அப்படியே ஏற்றுக்கொள்வதும் இல்லை. ரீச்சரின் விளக்கத்தின்படி அது அடாவின் வழியில் மறைந்திருக்க வேண்டும். ஆனால் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவிலேயே இடம் பிடித்துவிட்டதே?

உப்புவெளி_உள்நிரல்

ரஸ்ட் பரவிவிட்டது என்று இப்போதே சொல்வது சற்று அவசரம். நிரல் எழுதுவோரின் கேள்வி பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் கருத்துக்கணிப்புகளில் 2016இலிருந்து ஆண்டுதோறும் அதைப் பயன்படுத்துவோரின் விருப்பத்தில் முதலிடம் பெற்றாலும், அதைப் பயன்படுத்துவதாகச் சொன்னவர்கள் அண்மைக் காலத்திலும் பத்தில் ஒருவரைச் சற்றே விஞ்சுகிறார்கள். லினக்ஸில் அது இடம்பெற்றது 2022 டிசம்பரில் வந்த 6.1ஆம் பதிப்பில், அதுவும் சிறு அடித்தளமாக மட்டுமே.

இருந்தாலும் அடாவுக்குக் கிடைக்காத மூன்று வாய்ப்புகள் ரஸ்டுக்குக் கிடைத்தன. 2015 மே மாதம் முதற்பதிப்பு வந்த நாளிலேயே தொகுப்பானும் கார்கோ என்ற பொதி மேலாளரும் இலவசமாகக் கிடைத்தன. பிறர் எழுதிய நூலகத்தை ஒரே வரியில் சேர்த்துக்கொள்ளும் அந்த வசதிக்காகவே சி பிளஸ் பிளஸிலிருந்து வந்தவர்களை நான் அறிவேன். இது ரீச்சர் சொன்ன பாலம்தான். இரண்டாவது, குப்பை சேகரிப்பு (பயன்படாத நினைவகத்தை இயங்கும்போது தேடி விடுவிப்பது) இல்லாமலே நினைவகப் பாதுகாப்பைத் தந்ததால், ஜாவாவும் பைதனும் நுழைய முடியாத இடத்தில் சியோடு நேரடியாக மோதும் தகுதி அதற்கு இருந்தது. மூன்றாவது, நடக்காத விபத்தை எண்ணிப் பார்க்கக்கூடிய அளவுக்குப் பெரிய நிறுவனங்கள் இப்போது இருக்கின்றன. அன்ட்ரொயிட் குழு பழைய நிரலைத் தொடாமல், புதிதாக எழுதுவதைப் பாதுகாப்பான மொழிகளுக்கு மாற்றியது. 2019இல் 76 சதவீதமாக இருந்த நினைவகக் குறைபாடுகளின் பங்கு 2024இல் 24 சதவீதமாகக் குறைந்தது. எங்களைப் போன்ற சிறிய இடங்களில் அந்தக் கணக்கை வைப்பதற்கு ஆளில்லை.

எங்கள் சில்லு உலகிலும் கதவு சற்றுத் திறந்திருக்கிறது. சில்லுத் தயாரிப்பாளரான எஸ்பிரெசிப் நிறுவனம் தன் சில்லுகளுக்கான ரஸ்ட் நூலகங்களில் தானே முதலிட்டுப் பராமரிக்கிறது. ஆனால் முயன்று பார்க்க விரும்பினால் ரிஸ்க் ஃபைவ் என்ற சில்லுக் கட்டமைப்பிலான ஈஎஸ்பி 32 சி3 வகைப் பலகையை வாங்குங்கள். பழைய ஈஎஸ்பி 32 சில்லு எக்ஸ்டென்சா என்ற வேறு கட்டமைப்பில் இருப்பதால் அதற்குத் தனியாகக் கிளைத்த தொகுப்பானொன்றை நிறுவ வேண்டியிருக்கும். முதல் நாளிலேயே அதோடு மல்லுக்கட்டியவர்கள் மீண்டும் சி மொழிக்கே திரும்பிவிடுகிறார்கள்.

பழைய_அடாக்காரன்

ரஸ்டின் மேல் எனக்கு மதிப்பு உண்டு, ஆனால் பாதுகாப்பு என்றால் நினைவகப் பாதுகாப்பு மட்டுமே என்று இந்தத் தலைமுறை முடிவுகட்டிவிட்டதாகத் தோன்றுகிறது. குளிரறையின் வெப்பநிலை -40க்கும் 85க்கும் இடையில்தான் இருக்க முடியும் என்பதை அடாவில் வகையாகவே ஒரு வரியில் அறிவிக்கலாம், வேறு எண் அதற்குள் நுழைய முயன்றால் நிரல் விதிவிலக்கு எனப்படும் தவறு அறிவிப்பை எழுப்பும். ரஸ்டில் அத்தகைய எல்லை வகை மொழியிலேயே இல்லை, நீங்களே கட்டிக்கொள்ள வேண்டும்.

1996 ஜூன் 4ஆம் திகதி ஏரியான் 5 ஏவுகணை புறப்பட்டு முப்பத்தேழு விநாடிகள் அளவில் தடம் மாறி அழிந்ததை எல்லோரும் அடாவின் தோல்வியாகக் காட்டுவார்கள். ஏரியான் 4இலிருந்து அப்படியே எடுத்த நிரலில், 64 பிட் தசம எண் ஒன்று 16 பிட் முழு எண்ணாக மாற்றப்பட்டபோது அதற்குள் அடங்கவில்லை. இப்படி மாற்றப்பட்ட ஏழு மாறிகளில் நான்குக்கு மட்டுமே பாதுகாப்பு எழுதியிருந்தார்கள். கணினியின் சுமை 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பதற்காக எஞ்சிய மூன்றை விட்டுவிட்டார்கள். மொழி தவறைச் சரியாகவே கண்டுபிடித்தது. கண்டுபிடித்ததும் அந்தக் கணினியையே நிறுத்திவிடுவது என்ற பொது விதியைத் தவிர, அந்த எண்ணுக்கென்று யாரும் எதுவும் எழுதியிருக்கவில்லை.

அதே மாற்றத்தை ரஸ்டின் வழக்கமான வகைமாற்றச் சொல்லால் எழுதினால் எந்த விதிவிலக்கும் எழாது, எண் 32,767 என்ற உச்சத்தில் வெட்டப்பட்டு நிரல் தொடர்ந்து ஓடும். ஏரியானில் அந்த எண் மேலெழுந்த பிறகு தேவையற்றதாக இருந்ததால் ஏவுகணை ஒருவேளை தப்பியிருக்கும். இன்னோர் இடத்தில் அதே பிழையான எண் யாருக்கும் தெரியாமல் அடுத்த கணக்குக்குள் போகும். முழு எண்களின் கூட்டல் ஒதுக்கிய இடத்துக்குள் அடங்காமல் வழிந்தாலும் ஏறத்தாழ இதே நிலைதான். சோதனைப் பதிப்பில் நிரல் நிற்கிறது, வெளியீட்டுப் பதிப்பில் சோதனை இயல்பாக அணைக்கப்பட்டு எண் சுற்றி வருகிறது. ரீச்சர் ஃப்ரீ பாஸ்கலில் கண்டதும் இதே வழக்கம்தான். மாணவத் தம்பி அந்தப் பலகையை வாங்கினால், கார்கோவின் அமைப்புக் கோப்பில் வெளியீட்டுப் பதிப்புக்கும் வழிதல் சோதனையை இயக்கும் வரியை முதலில் சேர்த்துக்கொள்ளட்டும்.